பாகூரிலிருந்து வில்லியனூருக்கு

புதுச்சேரி என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கடற்கரையும், காந்தி சிலையும், மணக்குள விநாயகர் கோயிலும்தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். ஆனால் ஊரைத் தாண்டி மேற்கேயும் தெற்கேயும் போனால், நெல்லும் கரும்பும் விளைகிற இன்னொரு புதுச்சேரி இருக்கிறது. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஐந்து கொம்யூன்கள். நம் பக்கம் ஒன்றியம் என்கிறோமே, ஏறக்குறைய அதுமாதிரி. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுவிட்டுப் போனார்கள். கொம்யூன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இந்தத் தடவை நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்கா மகளைப் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. அக்கா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பெண்ணுக்குத் தாய் வீடு என்றால் இப்போது திண்டிவனத்தில் என் வீடுதான். அவளுடைய மகனுக்கு நாலு வயசு. பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போதாமல் போய், ‘செரிப்ரல் பால்ஸி’ என்று சொன்னார்கள். மூளை முடக்குவாதம். கழுத்து நிற்காது, உட்கார முடியாது, பேச்சு இல்லை. வலிப்பும் உண்டு. ஆனால் வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

ஒரு நாள் ராத்திரி அவளிடமிருந்து போன் வந்தது.

“சித்தி, ஒரு பத்து நாள் வந்து இருங்களேன். எனக்கு ஒண்ணும் புரியல.”

விஷயம் இதுதான். ஒரே வருஷத்தில் மூன்று தடவை பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. கடைசித் தடவை டாக்டர், “இவன் விழுங்கறப்ப சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்குப் போகுது. வயித்துல ஒரு சின்ன டியூப் வெச்சு அது வழியா சாப்பாடு குடுக்கிறதுதான் நல்லது” என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலோ மாமியார், “வாய் இருக்கிற பிள்ளைக்கு வயித்துல ஓட்டை போடறதா?” என்று ஒரே அழுகை. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. இவள் நடுவில்.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஏரியும் ஊரும்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி மேற்கே திரும்பினால் பாகூர். வழியெல்லாம் பச்சை. புதுச்சேரிக்கு இதுதான் நெற்களஞ்சியம். ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் ஏரி நிறைந்து, நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன.

பழைய ஊர். மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே ஒரு கல்விச்சாலை இருந்திருக்கிறது. அதை நடத்த மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் 1879-ல் கிடைத்தன. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமான காரியம்தான் என்று, ஊரில் நான் கண்டதை எல்லாம் பார்த்த பிறகு தோன்றியது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் புகுந்துகொள்ளும். பத்து நிமிஷம் வண்டியில் போவதற்குள் எல்லைப் பலகை மாறிவிடும். போகிறவருக்கு வேடிக்கை, உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் அலைகிற தாய்க்கு வேடிக்கை இல்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவள் புதுச்சேரி அலுவலகத்துக்குப் போகவேண்டும். அந்தப் பக்கம் இருப்பவள் கடலூருக்குப் போகவேண்டும்.

ஒரு வேளைச் சோறு

என் பெண் இளைத்திருந்தாள். போன மறுநாள்தான் காரணம் புரிந்தது. பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்ட ஒன்றரை மணி நேரம். குழைத்த சோறு ஒரு கரண்டி வாயில் வைத்தால் பாதி வெளியே வரும், மீதியில் இருமல். இருமினால் நிறுத்தி, முதுகைத் தடவி, மறுபடி ஆரம்பிக்கவேண்டும். ஒரு நாளைக்கு நாலு வேளை. அப்படி ஊட்டியும் பிள்ளை எட்டரைக் கிலோதான் இருந்தான். ராத்திரி பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். சத்தம் நின்றாலும் பயம், அதிகமானாலும் பயம்.

“யாராவது வந்து போறாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“முதல்ல வந்தாங்க சித்தி. வந்து ‘என்ன பாவம் பண்ணினியோ’ன்னு கேட்டுட்டுப் போனாங்க. இப்ப யாரும் வர்றதில்ல. அதுவே நல்லதுன்னு ஆயிடுச்சு. ஆனா தெரபிக்குப் போற எடத்துல மூணு அக்கா இருக்காங்க. அவங்க இல்லேன்னா நான் இல்ல.”

வியாழக்கிழமை தெரபிக்கு நானும் போனேன். தசைகளை நீவி, மூட்டுகள் மடங்கிப்போகாமல் இருக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே அந்த மூன்று பேரையும் பார்த்தேன். ஒருத்தி கரிக்கலாம்பாக்கம் பக்கம், ஒருத்தி எல்லைக்கு அந்தப்புறம் கடலூர் மாவட்டம், ஒருத்தி வில்லியனூர். சாதி வேறு, மதம் வேறு, வசதி வேறு. காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள்.

அவர்கள் செய்துகொண்டிருக்கிற ஏற்பாட்டைப் பார்த்து அசந்துபோனேன். முதலில் வருகிறவள் நாலு பேருக்கும் சீட்டுப் போட்டு வைப்பாள். ஒருத்தி டாக்டரிடம் உள்ளே போனால் மற்றவள் பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் மாதாமாதம் ஒரு டப்பாவில். யார் வீட்டிலாவது ராத்திரி அவசரம் என்றால் ஆட்டோவுக்கு அது. ஒரு நாற்பது பக்க நோட்டும் உண்டு. எந்த அலுவலகத்தில் எந்தச் சன்னல், எத்தனை ஜெராக்ஸ், எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்று கண்டுபிடித்தவள் அதில் எழுதி வைப்பாள். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு பிள்ளையின் மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கடனாகக்கூடக் கொடுப்பதில்லை. “வலிப்புன்னு பேரு ஒண்ணுதான், மருந்து ஒண்ணு இல்ல” என்றாள் கரிக்கலாம்பாக்கத்துக்காரி.

என் பெண்ணின் பிரச்னையைக் கேட்டதும் வில்லியனூர் அக்கா சொன்னாள்: “எம் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா டியூப்தான். வந்து பாரு. பாத்துட்டு முடிவு பண்ணு. உங்க மாமியாரையும் கூட்டிக்கிட்டு வா, அவங்களை விட்டுட்டு வராதே.”

வில்லியனூரில் ஒரு மத்தியானம்

மாமியார் வர இசைந்ததே ஆச்சரியம். “மாதா கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டது ஒண்ணு பாக்கி இருக்கு, அதுக்காக வர்றேன்” என்று சொல்லிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாகப் போனோம். கரும்பு வெட்டி ஏற்றிய டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் நேரமாகிவிட்டது.

வில்லியனூர் பெரிய ஊர். ரயில் நிலையம் உண்டு. பக்கத்தில் சங்கராபரணி ஆறு. சுடுமண் பொம்மைகளுக்குப் பேர் போனது. வில்லியனூர் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊர் நடுவே திருக்காமீஸ்வரர், கோகிலாம்பாள் கோயில். அதன் தேருக்கு ஒரு பெருமை: பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய லூர்து மாதா கோயில். எதிரே குளம். எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மாமியாரும் ஏற்றினார்.

பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு, சின்னத் திண்ணை. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒரு மர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெரபிஸ்ட் அளவு சொல்ல, உள்ளூர் ஆசாரி செய்து கொடுத்ததாம். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் துணிப் பட்டை, கால் வைக்கப் பலகை. இரட்டைப் பின்னல், கனகாம்பரம். கன்னம் உப்பியிருந்தது. மாமியார் முதலில் பார்த்தது அந்தக் கன்னத்தைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்த அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். சோறு, பருப்பு, காரட், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் மிக்ஸியில் அரைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, ஆற வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த அளவு. குழந்தையின் சட்டையை லேசாகத் தூக்கினாள். தொப்புளுக்குச் சற்று மேலே இடது பக்கம் விரல் கனம்கூட இல்லாத குழாய், நுனியில் மூடி. பெரிய சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றிப் பிடித்தாள். அது பாட்டுக்குக் கீழே இறங்கியது. கடைசியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழாயை அலசினாள். இருபது நிமிஷம். குழந்தை அழவில்லை, இருமவில்லை. அம்மாவின் வளையலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“அரை மணி நேரம் இப்படியே சாய்ஞ்சு உக்காந்திருக்கணும். உடனே படுக்க வெச்சா மேல எதுக்களிச்சிடும்” என்றாள்.

மாமியார் மெல்லக் கேட்டார்: “எல்லாம் சரிம்மா. நாக்குக்கு ருசியே தெரியாமப் போயிடுமே?”

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் பால் பாயசம் கொண்டுவந்தாள். ஸ்பூன் நுனியில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவினாள். அது சப்புக்கொட்டியது. “இந்த அளவுக்குக் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க, கேட்டுத்தான் குடுக்கணும். பசிக்கு டியூப், ருசிக்கு நாக்குன்னு நான் வெச்சிருக்கேன் பெரியம்மா.”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த பயம் டியூப் அல்ல, பேரனுக்கு நாம் சோறு ஊட்டுகிற சுகமே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அந்த அக்கா நல்லதை மட்டும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. குழாயைச் சுற்றித் தோல் புண்ணாகும். தினமும் சோப்பும் தண்ணீரும் வைத்துச் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு டியூப் கழன்று விழுந்துவிட்டது. அப்படி ஆனால் சில மணி நேரத்திலேயே துவாரம் மூட ஆரம்பித்துவிடும் என்பதால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அவளுடைய வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட்டிப் போனாராம். “வலிப்பும் நிக்கல, நடக்கவும் போறதில்ல. டியூப் அதுக்கெல்லாம் மருந்து இல்ல. ஆனா அடிக்கடி நிமோனியான்னு படுக்கறது குறைஞ்சுது. நானும் ராத்திரி தூங்கறேன்.”

“அப்ப நானும் வெச்சுடட்டுமாக்கா?” என்று என் பெண் கேட்டாள்.

“அதை நான் சொல்லக்கூடாது. உனக்கு இருக்கிற சந்தேகத்தை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுது. டாக்டர்கிட்ட ஒண்ணொண்ணா கேளு. மயக்க மருந்து தாங்குமா, எத்தனை நாள் இருக்கணும், டியூப் எப்ப மாத்தணும், எல்லாம் கேளு. உங்க வீட்டுக்காரரோட நம்பரைக் குடு. எங்க வீட்டுக்காரர் பேசுவாரு. ஆம்பளைங்க நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குள்ள சொல்லிப்பாங்க.”

அன்று ராத்திரி இரண்டு அப்பாக்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டு வந்து, “ஆபரேஷன் அன்னிக்கு அவரும் லீவு போட்டுட்டு வர்றாராம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பிள்ளையை அவர்தான் தூங்க வைத்தார்.

தாய்மார்கள் கட்டிய பள்ளிகள்

இது ஒன்றும் புதிதல்ல. 1972-ல் பம்பாயில் மிது ஆலூர் என்ற தாய், செரிப்ரல் பால்ஸி உள்ள தன் மகள் மாலினிக்குத் தகுந்த பள்ளி இல்லாததால், ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். அந்த மகள் பின்னாளில் படித்துப் பட்டம் பெற்று, தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் என்ற இன்னொரு தாய் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். சென்னை மதுரம் நாராயணன் மையத்தில் குழந்தையோடு தாயும் உட்கார்ந்து பயிற்சியைக் கற்றுக்கொள்கிறார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் நடக்கிறது, தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அவர்களே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். புதுச்சேரியிலேயே 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில் 1971-ல், அனுபவப்பட்ட பெற்றோர் புதிதாக இந்த நிலைக்கு வந்த பெற்றோருக்கு வழிகாட்டுவதற்கென்றே ஒரு திட்டம் ஆரம்பித்தார்களாம். வில்லியனூர் அக்கா அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். செய்வது அதையேதான்.

அந்த நோட்டிலிருந்து

அவர்கள் அனுமதியோடு சிலவற்றை எழுதிக்கொண்டு வந்தேன். உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ பயன்படலாம்.

கழுத்து நிற்காத குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்காலோ பாலாடையாலோ புகட்டக்கூடாது. பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், முகவாய் லேசாகக் கீழே இருக்கும்படி பிடித்து ஊட்டவேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், கண்ணில் தண்ணீர், கரகர மூச்சு, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி இருந்தால், விழுங்குவதில் கோளாறா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வைக்கவே கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு. வலிப்பு வரவில்லையே என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இந்தியா முழுதும் செல்லும். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் முதலில் அதை வாங்கிவிடுங்கள். ஆட்டிசம், செரிப்ரல் பால்ஸி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது நேஷனல் டிரஸ்ட். அதன் ‘நிராமயா’ காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவும் அதில் சேரும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனபின் சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெற, கலெக்டர் தலைமையிலுள்ள உள்ளூர்க் குழுவுக்கு மனுச் செய்யவேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கரிக்கலாம்பாக்கத்துக்காரி சிவப்பு மையில் ஒன்று எழுதியிருந்தாள்: “அம்மாவும் சாப்பிடணும்.” அதற்கு விளக்கம் வேண்டாம்.

தையில் ஆபரேஷன் நடந்தது. நான் போக முடியவில்லை. என் மகனுக்குப் பரீட்சை. ஆனால் அந்த மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சாப்பாடு வில்லியனூரிலிருந்து வந்தது. முதல் வாரம் கஷ்டம்தான். புண் சிவந்து, பிள்ளை அழுது, என் பெண்ணும் அழுது, ‘ஏன் செய்தோம்’ என்றுகூட ஆகிவிட்டது. இப்போது பிள்ளை பத்தரைக் கிலோ. நடுவில் ஒரு தடவை சளி பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே சரியாயிற்று. வலிப்பு இருக்கிறது. மாமியார் தினமும் சாயங்காலம் அவன் நாக்கில் தேன் மாதிரி எதையாவது தொட்டு வைக்காமல் விடுவதில்லை. போன மாதம் அரியாங்குப்பம் பக்கமிருந்து ஒரு புதுத் தாய், இதே கேள்வியோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாகூர் வந்தாளாம். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு வரச் சொல்லி, என் பெண் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். நாலு பேர் கூடினாலும் நகரத்தான் செய்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருக்கிற வீடு இருக்கலாம். போய் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். ‘ஐயோ பாவம்’ வேண்டாம், எந்த ஜோசியரும் வேண்டாம். “ஒரு மணி நேரம் நான் பிள்ளைகிட்ட உக்காந்திருக்கேன், நீ தலைக்குக் குளிச்சிட்டு, நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாம்மா” என்று சொல்லுங்கள். அது போதும்.